விண்ணப்பமும் பேட்டியும்: வேலை தேடும் வீட்டாருக்குச் சில சொற்கள்

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. இன்று அதைச் சிறிது திருத்தியே சொல்லவேண்டும். ஆணும் பெண்ணும் ஒருங்கே உழைத்தாலன்றி இந்நகரில் வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஊருக்கும் பணம் அனுப்பி வாழ்தல் அரிது. ஆகவே, படிப்பு முடிந்ததும் நம் குடும்பங்களில் எழும் முதற்கேள்வி, "இனி வேலைக்கு என்ன வழி?" என்பதேயாகும். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் கேட்கப்படும் அக்கேள்வியே வாஷியிலும் கேட்கப்படுகிறது.

இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிவதனால், இக்கேள்வி நம்மிடம் வேறோர் உருவில் வந்து சேர்கிறது. "அண்ணாச்சி, உள்ளே உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா? எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் தீயவர்களல்லர்; மகனுக்கோ மகளுக்கோ ஒரு வழி பிறக்குமாயின் கழுத்து நகையையும் அடகு வைக்கத் துணிந்தவர்கள். அவர்களுக்கு நாம் கூறும் விடை எப்பொழுதும் ஒன்றே: உள்ளே ஆள் இல்லை, ஆள் இருப்பதாகச் சொல்பவனிடம் போகவும் வேண்டா. இவ்விடைக்குரிய காரணத்தையும், அதற்கு மாறாகச் செய்யத்தக்கது இன்னதென்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரயில் எண்ணிய இளைஞர்கள்

2022ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற 28 பேர் புது டில்லி இரயில் நிலையத்தில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நின்று, வந்துபோகும் வண்டிகளையும் அவற்றின் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பயணச்சீட்டுப் பரிசோதகர், எழுத்தர் முதலிய பதவிகளுக்கு அதுவே பயிற்சி என்று அவர்களை நம்பவைத்திருந்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் எண்ணிய பின்னரே, வேலையும் இல்லை, பயிற்சியும் பொய் என்பது தெரியவந்தது. ஆளுக்கு 2 இலட்சம் முதல் 24 இலட்சம் வரை, மொத்தம் 2 கோடியே 67 இலட்சம் ரூபாய் பறிபோயிற்று என்று டில்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவினரிடம் புகார் தரப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இச்செய்தி நாடெங்கும் வெளியாயிற்று.

ஏமாந்தவர்கள் எழுத்தறியாதவர்களல்லர், அவர்களுள் பெரும்பாலோர் பட்டதாரிகள். பொறியியல் கற்றவர்களும் இருந்தார்கள். பின்னர் ஏன் ஏமாந்தார்கள்? பேராசை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், முறையான வழி எது என்று அறியாதவனுக்கு முறையற்ற வழியும் ஒரு வழியாகவே தோன்றும். இரயில்வேயில் ஆள் எடுப்பது எவ்வாறு என்பதைத் தொடக்கமுதல் இறுதிவரை அறிந்த ஒருவனிடம், மேடையில் நின்று பெட்டிகளை எண்ணு என்று சொல்லியிருந்தால், அன்றே அவன் ஊருக்கு வண்டி ஏறியிருப்பான். ஆகவே அவ்வழியை முதலில் சொல்வோம்.

முறையான வழி

இரயில்வேயில் எழுத்தர், பயணச்சீட்டு வழங்குவோர், ஸ்டேஷன் மாஸ்டர் போன்ற பதவிகளுக்கு ஆள் எடுப்பது இரயில்வே தேர்வு வாரியங்களின் வேலை. முன்பு இரயில்வே சர்வீஸ் கமிஷன் என்ற பெயரில் இயங்கிவந்த இவ்வமைப்புகள் 1985 முதல் இப்பெயரால் வழங்குகின்றன. மும்பைக்கு ஒன்றும் சென்னைக்கு ஒன்றுமாக, நாட்டில் இத்தகைய வாரியங்கள் 21 உள்ளன. இவை அறிவிப்பை எண்ணிட்டு வெளியிடும். விண்ணப்பம் இணையத்தின் வாயிலாகவே பெறப்படும். ஓர் அறிவிப்புக்கு ஒருவர் ஒரு வாரியத்திற்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். மும்பைக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என இரண்டு அனுப்பினால் இரண்டும் தள்ளுபடியாகும்.

விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். முதற்கட்டப் பரீட்சை எழுதியவர்களுக்கு இதில் 400 ரூபாய் திருப்பித் தரப்படும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர் முதலியோருக்கு 250 ரூபாய். பரீட்சை எழுதினால் அதுவும் திருப்பித் தரப்படும். வங்கிச் செலவு மட்டும் கழியும். அரசாங்கம் இந்த வேலைக்காக விண்ணப்பதாரரிடம் கேட்கும் பணம் இவ்வளவே. இதற்குமேல் ஒருவன் இலட்சக்கணக்கில் கேட்பானாகில் அவன் யார் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

பரீட்சை கணினியில் நடைபெறும். தமிழ் உட்பட 15 மொழிகளுள் ஒன்றில் எழுதலாம். எழுத்தர் முதலிய பதவிகளுக்கான முதற்கட்டத்தில் 90 நிமிடத்தில் 100 வினாக்கள்: பொது அறிவு 40, கணிதம் 30, அறிவுத்திறன் 30. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறைக்கப்படும். ஆதலின் குருட்டாம்போக்கில் குறியிடுவது கேடு. இரண்டாம் கட்டப் பரீட்சை ஒன்று உண்டு. தட்டெழுத்துத் தேவைப்படும் பதவிகளுக்கு நிமிடத்திற்கு ஆங்கிலத்தில் 30 சொல் அல்லது இந்தியில் 25 சொல் என்ற வேகத்தில் அடித்துக்காட்ட வேண்டும். பின்னர்ச் சான்றிதழ்ச் சரிபார்ப்பு. அதன்பின் மருத்துவப் பரிசோதனை. இம்மருத்துவ விதிகளை விண்ணப்பிக்கும் முன்னரே படித்துக்கொள்ளுதல் நலம். ஸ்டேஷன் மாஸ்டர் பதவிக்குக் கண்ணாடியில்லாமலே கூரிய பார்வையும் நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலும் வேண்டும். எழுத்தர் பதவிக்கு அத்துணைக் கடுமை இல்லை. இரண்டாண்டு உழைத்துத் தேறிய பின் கண் காரணமாகத் திரும்பும் பிள்ளைகளின் துயரம் பெரிது.

இவ்வரிசையில் பேட்டி எங்கே என்று அன்பர்கள் கேட்கலாம். பேட்டியே இல்லை. 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து மத்திய அரசின் 'சி' பிரிவுப் பதவிகளுக்கும், கெஜட் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பதவிகளுக்கும் நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. "பேட்டியில் நம் அதிகாரி பார்த்துக்கொள்வார்" என்று தரகன் சொல்லும்போதே அவன் பொய் வெளிப்பட்டுவிடுகிறது. இல்லாத பேட்டியில் யார் என்ன பார்த்துக்கொள்ள முடியும்?

விண்ணப்பமே முதற் பரீட்சை

பேட்டி இல்லாத இடத்தில் காகிதம் பேசுகிறது. 2019இல் இரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்கள் 1,03,769க்கு அறிவிப்பு வெளிவந்தபோது ஒரு கோடிக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவற்றுள் பல இலட்சம் விண்ணப்பங்கள், புகைப்படமோ கையொப்பமோ குறித்த முறையில் இல்லை என்ற காரணத்தால் தள்ளப்பட்டன. பெருங்குரல் எழுந்தபின், 2021 டிசம்பரில் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அவ்வாறு வாய்ப்புக் கிட்டும் என்று நம்பியிருத்தல் ஆகாது. கடைத்தெருவில் யாரோ ஒருவர் அவசரமாக நிரப்பித் தரும் விண்ணப்பத்தை, 'அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்துமுன் விண்ணப்பதாரர் எழுத்தெழுத்தாக வாசித்தல் வேண்டும். பக்கத்தில் ஒருவர் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிக்க, மற்றவர் திரையைப் பார்த்து ஒப்பிடுவது மிக நல்ல முறை. பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிடினும் எழுத்துகளையும் தேதியையும் ஒப்பிட அவர்களால் இயலும்.

பிறமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கென்றே உரிய தொல்லை ஒன்றுண்டு. அது பெயர்த் தொல்லை. தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்கிறோம். மராட்டிய நாட்டிலோ முதலில் குடும்பப் பெயர், அடுத்துத் தன் பெயர், பின்னர்த் தந்தை பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்றில்லாத நம் வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? சுடலைமுத்துவின் மகன் கார்த்திக் என்று ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். பள்ளியில் பாட்டனார் பெயரைக் குடும்பப் பெயராக்கி, 'பேச்சிமுத்து கார்த்திக் சுடலைமுத்து' என்று எழுதிவிடுகிறார்கள். ஆதார் அட்டையில் அவன் 'கார்த்திக் எஸ்'. பான் அட்டையில் தலைப்பெழுத்தை விரித்தே எழுதவேண்டுமாகையால் 'கார்த்திக் சுடலைமுத்து'. ஊரில் எடுத்த சாதிச் சான்றிதழில் 'சு. கார்த்திக்'. ஒரே பிள்ளை நான்கு பேராகி நிற்கிறான்.

சான்றிதழ்ச் சரிபார்ப்பு மேசையில் அமர்ந்திருப்பவருக்கு இந்நால்வரும் ஒருவரே என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அவருக்கில்லை. இக்காலத்து இரயில்வே அறிவிப்புகள், ஆதாரிலுள்ள பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு முற்றிலும் ஒத்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. எனவே, பத்தாம் வகுப்புச் சான்றிதழையே மூலமாகக் கொள்ளுங்கள். பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலிருக்கும்போதே பள்ளிப் பதிவேட்டில் பெயர் எவ்வாறு உள்ளது என்று பார்த்து, வேண்டிய திருத்தத்தை அப்போதே செய்துகொள்ளுங்கள். பரீட்சைக்குப் பெயர் போனபின் திருத்துவது கடினம். சான்றிதழ் ஏற்கெனவே வந்துவிட்டதாயின் அதைத் தொடாமல், ஆதார், பான் முதலிய மற்றவற்றை அதற்கிணங்கத் திருத்துவதே எளிது.

சாதிச் சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குக் குடியேறினால், குடியேறிய மாநில அரசின் ஒதுக்கீட்டை அவ்வுரிமைகொண்டு கோர இயலாது என்று உச்சநீதிமன்றம் 1990இலும் 1994இலும் தீர்ப்பளித்துள்ளது. மகாராஷ்டிர அரசு 1950 ஆகஸ்டு 10 என்னும் நாளைக் குறிப்பாகக் கொள்கிறது. தம் சாதி இம்மாநிலப் பட்டியலில் இருப்பதோடு, அந்நாளுக்கு முன்பே குடும்பம் இங்கு வாழ்ந்ததற்கும் பத்திரம் காட்டவேண்டும். ஆனால் இரயில்வே, தபால், வங்கி முதலிய மத்திய அரசைச் சார்ந்த வேலைகளுக்குச் சொந்த மாநிலத்தின் பட்டியல்படி உரிமை நீடிக்கிறது. தந்தைக்குத் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட சான்றிதழை ஆதாரமாகக் கொண்டு, இங்குள்ள அதிகாரி பிள்ளைக்குச் சான்றிதழ் தர மத்திய அரசின் விதிகளில் இடமுண்டு. எனவே தந்தையின் பழைய சான்றிதழ் ஊர்ப்பெட்டியில் கிடக்குமாயின், அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது மறவாமல் எடுத்து வாருங்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், வசதிமிக்க பிரிவினர் அல்லர் என்பதற்கான சான்றினை மத்திய அரசின் படிவத்திலேயே, அறிவிப்பில் கேட்கும் காலத்திற்குரியதாகப் பெறுதல் வேண்டும். அறிவிப்பு வந்தபின் ஓடத் தொடங்கினால் நாள் போதாது.

மராத்தியும் நம் பிள்ளைகளும்

1950களிலும் 60களிலும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று மாதுங்காவில் வந்திறங்கிய நம்மவர்க்கு ஆங்கிலமே சோறு போட்டது. 1966இல் சிவசேனை தோன்றியபோது, அலுவலக வேலைகளில் தென்னிந்தியர் மிகுந்திருப்பதைக் குறித்தே கிளர்ச்சி எழுந்ததை முதியோர் அறிவர். அக்காலம் போயிற்று, ஆனால் அது கற்பித்த பாடம் போகவில்லை. வாழும் ஊரின் மொழியை அறிதல் அவ்வூராருக்கு நாம் செய்யும் மரியாதை. இன்று அது விதியாகவும் ஆகியிருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கியின் எழுத்தர் பணிக்கு மகாராஷ்டிரத்தில் விண்ணப்பிப்போர் மராத்தி மொழித் தேர்வில் தேறவேண்டும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ மராத்தியை ஒரு பாடமாகப் படித்ததற்கு மதிப்பெண் பட்டியல் காட்டினால் அத்தேர்விலிருந்து விலக்கு உண்டு. இங்கேயே பள்ளியில் பயின்ற நம் பிள்ளைகளுக்கு இது கைவந்த செல்வம். ஊரில் படித்துவிட்டு இங்கு வந்த பிள்ளைகள், ஓராண்டு முயன்றால் கடைத்தெருவிலும் மின்சார வண்டியிலும் மராத்தி நன்கு பழகிவிடும். படிக்கவும் எழுதவும் மட்டும் தனியே பயிலவேண்டும்.

பேட்டி அறையில்

அரசுப் பணியில் பல இடங்களில் நீங்கிய பேட்டி, வேறு இடங்களில் நிலைத்தே இருக்கிறது. வங்கி அதிகாரிகளுக்காக ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்தும் தேர்வில், எழுத்துப் பரீட்சைக்கும் பேட்டிக்கும் 80க்கு 20 என்ற வீதத்தில் மதிப்புக் கொடுக்கப்படுகிறது. ஐரோலி, மகாபே பகுதிகளின் கம்பெனிகளிலும், நாவா சேவாத் துறைமுகத்தைச் சார்ந்த சரக்கு நிறுவனங்களிலும், 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட நவி மும்பை விமான நிலையத்தைச் சார்ந்த பணிகளிலும் பேட்டியின்றி வேலையில்லை.

இவற்றுக்கு முதலில் அனுப்பவேண்டியது தன்விவரத் தாள். அது திருமணத்திற்குக் கொடுக்கும் ஜாதகக் குறிப்பன்று. கோத்திரமும் உயரமும் உடன்பிறந்தார் தொகையும் அதில் வேண்டா. பெயர், தொலைபேசி எண், படிப்பு, செய்த வேலை, அறிந்த மொழிகள் ஆகியவை ஒரு பக்கத்தில் அடங்கினால் போதும். தெரியாததைத் தெரியுமென்று எழுதாதீர்கள். எழுதிய ஒவ்வொரு வரியிலும் கேள்வி வரும்.

செய்த வேலையை எழுதும்போதுதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வாஷி மொத்தச் சந்தையில் உறவினரின் வெங்காய மண்டியில் இரண்டாண்டு இருந்த ஒரு பிள்ளையை, "என்ன செய்தாய்?" என்று கேட்டால், "சும்மா கூடமாட உதவியாயிருந்தேன்" என்பான். உண்மையில் அவன் லாரி வந்ததும் மூட்டைகளை எண்ணி வாங்கினான், எடையைக் குறித்தான், பில் போட்டான், வரவேண்டிய பாக்கியைத் தொலைபேசியில் கேட்டு வசூலித்தான், வியாபாரிகளிடம் மராத்தியிலும் இந்தியிலும் பேசினான். சரக்கு நிறுவனத்தார் தேடுவது இத்தகைய ஆளையே. 'சும்மா' என்ற ஒரு சொல்லால் அவன் தன் இரண்டாண்டு உழைப்பையும் மறைத்துவிடுகிறான்.

இதற்குக் காரணம் நம் வளர்ப்பு. பெரியோர்முன் தலைகுனிந்து நில், கேட்டாலன்றிப் பேசாதே, தன்னைத்தானே புகழாதே என்று சொல்லி வளர்க்கிறோம். அது நல்ல வளர்ப்பே. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் பேட்டி அறையில் எதிரே அமர்ந்திருப்பவருக்கு அந்த அடக்கம் அடக்கமாகத் தெரிவதில்லை. ஒன்றும் அறியாதவன் என்றே தெரிகிறது. கேட்கப்பட்டபின் உள்ளதை உள்ளபடி சொல்வது தற்புகழ்ச்சியன்று. "நான் கெட்டிக்காரன்" என்பது தற்புகழ்ச்சி. "நாள்தோறும் பில் போட்டுக் கணக்கு முடித்தேன்" என்பது செய்தி. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே விளக்கவேண்டும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வி பெரும்பாலும் முதலில் வரும். படிப்பு, செய்த வேலை, இவ்வேலையை விரும்பும் காரணம் ஆகிய மூன்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுக. மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் மறந்துபோம். பொருளை மட்டும் நினைவில் வைத்து, நாலைந்து முறை வீட்டார்முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பழைய முதலாளியை இகழ்ந்து பேசாதீர்கள். தெரியாத கேள்விக்குத் "தெரியாது, கற்றுக்கொள்வேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆங்கிலம் இலக்கணப் பிழையோடு வந்தாலும் நிறுத்தி நிதானமாகப் பேசினால் கேட்பவருக்கு விளங்கும். விரைந்து பேசினால் பிழைதான் முன்னே வரும். பெண்களிடம் திருமணம், குழந்தை பற்றி வினவுவாருமுண்டு. "பணி நேரத்திற்கு வருவதில் எனக்குத் தடையில்லை" என்று வேலையைச் சார்ந்தே விடை கூறி நிறுத்திவிடலாம். பிள்ளை வளர்ப்பதற்காகச் சில ஆண்டு வேலையை விட்டிருந்த தாய்மார்கள் அதை நாணத்தோடு மறைக்க வேண்டுவதில்லை. ஆண்டுகளைக் குறித்துக் காரணத்தையும் ஒரு வரியில் சொன்னால் போதும்.

பணியிடம், பணி நேரம், மாதச் சம்பளத்தில் கைக்கு வருவது எவ்வளவு, வருங்கால வைப்புநிதி உண்டா என்பவற்றை இறுதியில் மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. கேட்காமல் சேர்ந்து, முதல் மாதச் சம்பளத்தைக் கண்டு திகைப்பதைவிட இது மேல்.

இரயில்வேக்காரர் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழுதுபார்ப்புக்காக 'மெகா பிளாக்' என்னும் பெயரால் மின்சார வண்டிகள் சில மணி நேரம் நிறுத்தப்படுவது வழக்கம். பரீட்சையோ பேட்டியோ ஞாயிறன்று அமைந்தால், வாஷியிலிருந்து செல்லும் துறைமுகப் பாதையின் நிலை என்னவென்று முந்திய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். இடம் புதிதாயின் முன்பே ஒரு முறை போய்ப் பார்த்து வருதல் நலம்.

பெற்றோருக்கு

ஒரு வேலைக்குப் பத்து இடங்களில் விண்ணப்பித்து ஒன்பதில் இல்லையென்ற விடை வருவது இக்காலத்து இயல்பு. அந்த ஒன்பது நாட்களிலும் பிள்ளையை, "அடுத்த வீட்டுப் பையனைப் பார்" என்று சொல்லிக் குத்தாதீர்கள். மனமுடைந்த பிள்ளையைத் தேடித்தான் தரகன் வருகிறான். தகப்பனின் ஏச்சுக்கு அஞ்சியவனே அவன் காட்டும் குறுக்குவழியில் போகிறான். ஒவ்வொரு பேட்டிக்குப் பின்னும், என்ன கேட்டார்கள், எதற்கு விடை தெரியவில்லை என்று பிள்ளையைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நான்காவது பேட்டியில் அக்குறிப்பேடு பயன் தரும்.

அரசுப் பணியில் இருப்பவர்களும் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் நம் சங்கத்து அன்பர்களிடையே உள்ளனர். சிபாரிசு கேட்டு அவர்களிடம் செல்லாதீர்கள். விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கவும், அரைமணி நேரம் எதிரே அமர்ந்து கேள்வி கேட்டுப் பழக்கவும் கேளுங்கள். அவ்வுதவியை மறுப்பவர் அரியர்.

இவற்றுக்கெல்லாம் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. வருகின்ற ஞாயிறன்று உணவுக்குப் பின், வீட்டிலுள்ள பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான், சாதிச் சான்றிதழ் அனைத்தையும் பாய்மீது பரப்பி, எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையெனில், திங்களன்றே செய்யவேண்டிய வேலை எதுவென்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.